1994 மாருதி 800-க்குப் பொருந்தாத மட்கார்டுகள்: பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார்

வண்ணார்பேட்டை, திருநெல்வேலி
12.09.2024

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களிடம் மாருதி 800 காருக்கு முன்பக்க மட்கார்டுகள் (முன்சக்கரங்களை மூடும் பக்கத் தகடுகள்) இரண்டு வாங்கினேன். விலை ரூ.5,400, பார்சல் கட்டணம் ரூ.650. ஆர்டர் போடுவதற்கு முன்பே போனில் உங்கள் ஊழியரிடம் என்னுடையது 1994 மாடல், சதுர ஹெட்லைட் வண்டி என்று இரண்டு முறை சொன்னேன். "எல்லா 800-க்கும் பாடி ஒன்றுதான் சார், அப்படியே மாட்டலாம்" என்றார். அதை நம்பித்தான் பணம் அனுப்பினேன்.

அவர் சொன்னது பாதிதான் சரி. 1986-இல் வந்த பாடிதான் 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை அடிப்படையாக இருந்தது. ஆனால் 1997-இல் முன்முகத்தை மாற்றிவிட்டார்கள். ஹெட்லைட்டின் ஓரங்கள் வளைந்து, பம்பரும் வளைவானது. நீங்கள் அனுப்பியவை அந்தப் புது முகத்துக்கு உரியவை. தச்சநல்லூர் டிங்கர் அண்ணாச்சி மாட்டிப் பார்த்தார். மேலே போல்ட் ஓட்டைகள் சேர்ந்தன, கதவு ஓர இடைவெளியும் சரியாக இருந்தது. முன்முனையில்தான் சிக்கல். என் ஹெட்லைட் அதில் உட்காரவே இல்லை, பானெட் ஓரத்தில் விரல் நுழையும் சந்து. "பானெட், ஹெட்லைட், கிரில், பம்பர் எல்லாம் சேர்த்து மாத்தினாதான் இது நிக்கும், தனியா சேராதுல்லா" என்றார் அண்ணாச்சி. இதை நீங்கள்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

திருப்பி எடுக்கச் சொன்னதற்கு, மாட்டிப் பார்த்த பொருளை எடுப்பதில்லை என்கிறீர்கள். மாட்டிப் பார்க்காமல் பொருந்துமா என்று எப்படித் தெரியும்? நான்கு போல்ட் போட்டுக் கழற்றியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. பெயிண்ட் அடிக்கவில்லை, எங்கும் வெட்டவும் இல்லை.

"வெட்டி வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள்" என்று உங்கள் ஊழியர் சொன்னதுதான் மிகவும் வருத்தமாக இருந்தது. மெல்லிய தகடு சூட்டில் நெளியும். வெல்டிங் வைத்த இடத்தில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர் எரிந்துவிடும், உள்பக்கத்தில் அங்கிருந்துதான் துரு தொடங்கும். நெளிவை மறைக்கப் பட்டி என்ற நிரப்புப் பசையைக் கனமாகப் பூசினால் நாளடைவில் அதுவும் வெடிப்பு விடும். துருவால்தானே நான் மட்கார்டையே மாற்றுகிறேன்! 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் தெருவில் இந்தக் கார் ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் நின்றது. எஞ்சினைக் காப்பாற்றிவிட்டோம், மட்கார்டின் அடி ஓரம் இரண்டு பக்கமும் அரித்துப்போனது. அப்பா வாங்கிய வண்டி, திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் எங்களைக் கூட்டிப்போன வண்டி. அதை ஒட்டுப்போட்டு ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

நவம்பரில் ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் பழைய வடிவ மட்கார்டு தேடிப் பிடித்து, பெயிண்ட் வேலையும் முடித்தாக வேண்டும். எனவே 15 நாளுக்குள் பார்சல் கட்டணத்தோடு சேர்த்து ரூ.6,050-ஐத் திருப்பிக் கொடுங்கள். பொருளை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் விற்பனைப் பட்டியலில் "அனைத்து 800-க்கும்" என்று இருப்பதை "1997-க்குப் பிந்தைய முகத்துக்கு மட்டும்" என்று திருத்துங்கள். என்னைப் போல் பழைய வண்டியை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய பேர் இருக்கிறார்கள்.

பணம் வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019 சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். பில், போட்டோக்களின் நகல்களை இணைத்துள்ளேன். மட்கார்டுகள் சாக்கில் சுற்றியபடி அண்ணாச்சி கடையில் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்