எந்த ஆண்டின் பிக் டென்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வெளிவந்த அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை, நம்மூர்க் கால்பந்து அல்ல) பற்றிய கட்டுரையையும், அதன் அடியில் இருந்த அட்டவணையையும் படித்தேன். மிச்சிகன், நோட்டர் டேம், டெக்சஸ், ஒஹாயோ ஸ்டேட் போன்ற பழம்பெரும் அணிகள், பிக் டென், எஸ்.இ.சி. (தென்கிழக்கு மாநிலங்களின் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) முதலான பெரிய கான்ஃபரன்ஸ்களின், அதாவது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தமக்குள் போட்டி நடத்தும் கூட்டமைப்புகளின், அணிகளோடு மோதி எத்தனை வென்றன, எத்தனை தோற்றன என்று கட்டுரையாளர் வரிசைப்படுத்தியிருக்கிறார். இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே பெரிய விஷயம். ஆனால் நான் பணிக்காலம் முழுவதையும் தணிக்கையில் கழித்தவன். கூட்டுத்தொகையைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.

அட்டவணையின் கோளாறு இதுதான்: இன்றைய உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு அந்தக் கால ஆட்டங்களை எண்ணியிருக்கிறார்கள். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது யு.எஸ்.சி., பிக் டென்னில் சேர்ந்தது 2024இல். நோட்டர் டேம் அந்த அணியுடன் மோதத் தொடங்கியது 1926இல். அந்த ஆட்டங்கள் எல்லாம் இப்போது 'பிக் டென்னுக்கு எதிராக' என்ற தலைப்பின் கீழ் ஏறிவிட்டன. மத்திய மேற்கு மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் 1896இல் தொடங்கிய அமைப்பு அது. பசிபிக் கரையில் நடந்த ஆட்டத்துக்கும் அதற்கும் அந்நாளில் என்ன தொடர்பு? நேற்று வந்த மருமகளின் தாய்வீட்டு நகையை, மாமியார் கல்யாணமாகி வந்த நாள் முதலே நம் பெட்டியில் இருந்ததாக எழுதிவைத்த கதைதான்.

டெக்சஸ் கணக்கு இன்னும் வேடிக்கை. 1969 டிசம்பர் 6 அன்று ஃபேயட்வில்லில், அதிபர் நிக்சன் நேரில் வந்து பார்த்த ஆட்டத்தில், டெக்சஸ் 15-14 என்று ஆர்கன்சாவை வென்றது. அன்று இரண்டு அணிகளுமே சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸின் உறுப்பினர்கள். ஆர்கன்சா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எஸ்.இ.சி.க்குப் போனது. 1996இல் சவுத்வெஸ்ட் கலைந்தே போயிற்று. டெக்சஸ் 2024இல்தான் எஸ்.இ.சி.க்கு வந்து சேர்ந்தது. உங்கள் அட்டவணையிலோ அந்தப் பழைய ஆட்டம் டெக்சஸ் எஸ்.இ.சி.யைத் தோற்கடித்த வெற்றிகளில் ஒன்றாக நிற்கிறது.

இந்த முறை ஆட்டங்களைக் கூட்டுவது மட்டுமல்ல, விழுங்கவும் செய்கிறது. மிச்சிகன் 56 ஆட்டங்கள் தோல்வியே காணாமல் ஓடி, கடைசியில் 1905இல் சிகாகோ பல்கலைக்கழகத்திடம் 2-0 என்று தோற்றது. மிச்சிகன் வீரர் ஒருவரை அவர்களுடைய எல்லைக்கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கி வீழ்த்தியதற்குக் கிடைத்த இரண்டு புள்ளிகள். ஆட்டம் முழுவதற்கும் அவ்வளவுதான். சிகாகோ அப்போது பிக் டென்னின் பெரும்புள்ளி. பின்னர் 1939இல் கால்பந்தையே கைவிட்டு, 1946இல் கான்ஃபரன்ஸை விட்டும் விலகியது. இன்றைய பட்டியலில் அதன் பெயர் இல்லை. ஆகவே மிச்சிகன் வரலாற்றிலேயே அதிகம் வலித்த தோல்விகளில் ஒன்று கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. மிச்சிகனே 1907 முதல் பத்தாண்டுக் காலம் அந்த அமைப்புக்கு வெளியே இருந்தது என்பது தனிக்கதை.

ஆட்டம் நடந்த நாளில் எதிரணி எந்தக் கான்ஃபரன்ஸில் இருந்ததோ, அதன் பெயரில்தான் எழுத வேண்டும். இதிலும் சங்கடம் உண்டு, மறுக்கவில்லை. செவானீ என்ற சின்னஞ்சிறு கல்லூரி 1899இல் ரயிலேறிப் போய் ஆறே நாளில் ஐந்து ஆட்டங்கள் ஆடி, எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் அத்தனையையும் வென்றது. அதே கல்லூரி எஸ்.இ.சி.யின் தொடக்க உறுப்பினராகி, 1940இல் விலகும்வரை கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் 37 முறை தோற்றது, ஒன்றில்கூட வெல்லவில்லை. அதை வென்றவர்களுக்கெல்லாம் 'எஸ்.இ.சி. வெற்றி' என்று பெருமை தரலாமா என்றால், தரத்தான் வேண்டும். கூப்பிட்டுச் சேர்த்தவர்கள் அவர்கள்தானே.

நான் வசிப்பது ஒஹாயோவின் கொலம்பஸில். ஆகவே அடுத்த வரியைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். '2015 வரை ஒஹாயோ ஸ்டேட் எந்த எஸ்.இ.சி. அணியையும் வென்றதில்லை' என்கிறது கட்டுரை. இது தவறு. 1987இல் பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யு.வுடன் (எஸ்.இ.சி.யின் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 13-13 என்று சமன் செய்து, மறு ஆண்டு இங்கே கொலம்பஸில் 36-33 என்று வென்றார்கள். வெல்லாதது பருவ முடிவில் நடக்கும் 'பௌல்' ஆட்டங்களில்தான். எஸ்.இ.சி. அணிகளுடனான பௌல் ஆட்டங்களும் 1978 ஜனவரியில்தான் தொடங்கின. காரணம் இருக்கிறது. 1975 வரை பிக் டென்னின் விதிப்படி ஆண்டுக்கு ஓர் அணி மட்டுமே, அதுவும் ரோஸ் பௌலுக்கு மட்டுமே போகலாம். அங்கே எதிரணி பசிபிக் கரையிலிருந்து வரும். பயிற்சியாளர் வூடி ஹேஸின் சிறந்த அணிகள் பலவற்றுக்கு பௌல் ஆட்டத்தில் ஒரு எஸ்.இ.சி. அணியைச் சந்திக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது. முதல் சந்திப்பில் அலபாமா 35-6 என்று வென்றது. அதிலிருந்து 2008 வரை ஒன்பது பௌல் ஆட்டங்கள், ஒன்பதும் தோல்வி.

அவற்றில் பல தெற்கே, எதிரணிக்கு வீட்டு வாசல் போன்ற ஊர்களில் நடந்தன என்று இங்கே சொல்வார்கள். 2008இல் எல்.எஸ்.யு.வோடு ஆடிய இடம் நியூ ஆர்லியன்ஸ், அது உண்மைதான். ஆனால் 2007இல் புளோரிடாவிடம் 41-14 என்று உதைபட்டது அரிசோனாவில். முதல் உதையிலேயே பந்தைப் பிடித்து ஒஹாயோ ஸ்டேட்டின் டெட் கின் மைதானம் நெடுக ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்தார். அந்தக் கொண்டாட்டத்திலேயே காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கு இடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

தணிக்கைக்காரனுக்குச் சுவையான இடம் இனிமேல்தான். 2011 ஜனவரி சுகர் பௌலில் ஒஹாயோ ஸ்டேட் ஆர்கன்சாவை 31-26 என்று வென்றது. சாபம் தீர்ந்தது என்று ஊரே கூத்தாடியது. ஆனால் பரிசுப்பொருட்களை விற்றும் அவற்றுக்கு ஈடாகப் பச்சை குத்திக்கொண்டும் விதி மீறிய வீரர்கள் அந்தப் பருவத்தில் ஆடியதால், பருவத்தின் வெற்றிகள் அத்தனையும் பின்னர் ரத்தாயின. பயிற்சியாளர் ஜிம் டிரெஸலும் பதவி விலகினார். இப்படி ரத்தாகும்போது எதிரணிக்கு வெற்றி கிடைப்பதில்லை. அதன் தோல்வி அப்படியே நிற்கும். ஆர்கன்சாவின் ஏட்டில் தோல்வி இருக்கிறது, அதற்கு ஈடான வெற்றி எந்த ஏட்டிலும் இல்லை. பற்று உண்டு, வரவு இல்லை! நான் பார்த்த எந்தக் கணக்குப் புத்தகமும் இப்படி மூடப்பட்டதில்லை. ஆக, ஏட்டில் நிற்கும் முதல் பௌல் வெற்றி 2015 ஜனவரி 1 அன்று அலபாமாவை 42-35 என்று வென்றதுதான். நோட்டர் டேமின் 2012, 2013 பருவங்களிலும் 21 வெற்றிகள் இப்படி ரத்தானவை. உங்கள் அட்டவணை ஒஹாயோ ஸ்டேட்டுக்குக் கழித்துவிட்டு நோட்டர் டேமுக்குக் கழிக்காமல் விட்டிருக்கிறது. கழித்தால் இரண்டு பேருக்கும் கழிக்கட்டும்.

சமநிலைக்குத் தனிப் பத்தி இல்லாததும் குறை. கூடுதல் நேர ஆட்டம் எல்லா ஆட்டங்களுக்கும் வந்தது 1996இல்தான். 1966இல் நோட்டர் டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் 10-10 என்று முடித்த ஆட்டத்தைப் பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை. உங்கள் அட்டவணையில் அதற்கு உட்கார இடமே இல்லை.

திருத்திய அட்டவணையை வெளியிடுவதாக இருந்தால், ஒவ்வொரு எதிரணியும் அந்தக் கான்ஃபரன்ஸில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தது என்று ஒரு பத்தி சேர்க்கக் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் தனித்தே ஆடும் நோட்டர் டேம், கொரோனா காரணமாக 2020 பருவத்தை மட்டும் ஏ.சி.சி. (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) உறுப்பினராக ஆடியது. கிளெம்சனை 47-40 என்று வென்று, இறுதியில் அதே கிளெம்சனிடம் 34-10 என்று தோற்றது. அந்த ஆண்டின் ஆட்டங்களை 'ஏ.சி.சி.க்கு எதிராக' என்பதன் கீழ் எழுதுவதா, உள்வீட்டுக் கணக்காகத் தனியே காட்டுவதா என்பதையும் அவர் அடிக்குறிப்பில் தெரிவித்தால் நலம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்,
கொலம்பஸ், ஒஹாயோ