மடிநோய்க்குத் தொழுவம் மட்டும் காரணமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மாட்டுக்கு மடிநோய் வந்தால் தொழுவத்தின் அசுத்தத்தை மட்டும் குறை சொல்கிறோம். தீவனத் தொட்டியையும் எட்டிப் பார்க்க வேண்டும். பால் கூடுமென்று மக்காச்சோள மாவையும் ரேஷன் அரிசிக் கஞ்சியையும் அள்ளி வைத்தால் பெருவயிற்றில் (தீவனம் முதலில் போய்ச் சேரும் வயிற்று அறை) அமிலம் ஏறுகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் மடிந்து, அவற்றின் நச்சு ரத்தத்தில் கலக்கிறது. அந்த அழற்சியோடு மல்லுக்கட்டும் மாட்டுக்கு, காம்பு வழியாகப் புகும் கிருமியை எதிர்க்கத் தெம்பு குறைந்துபோகும். பாலில் கொழுப்பும் இறங்கும். பால் சொசைட்டியில் கொழுப்பையும் பார்த்துத்தானே விலை!

பொங்கலன்று ஒரு குண்டான் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டு எங்கள் கலப்பினப் பசு படுத்த பிறகுதான் எனக்கே புத்தி வந்தது. இப்போது சோளத்தட்டும் வைக்கோலும் முதலில். மாவு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனம் பிரித்துப் பிரித்து.

மடிநோய்க்கு ஊசி போடும் மருத்துவர்கள் தீவனக் கணக்கையும் கேட்டால் நல்லது.

– கறவை மாடு வளர்ப்பவர், ஈரோடு மாவட்டம்