குழாயில் தொங்கிய அட்டைக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. ஒரு விரலால் தட்டித் தட்டித்தான் இதை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது என்னவென்று உங்களுக்கெல்லாம் தெரியும். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, அதனால் விட்டுவிடுகிறேன். 23 நாள் நான் ஆஸ்பத்திரியில், வீட்டில் இல்லை. திரும்பி வந்தபோது தோட்டம் இருந்தது. அது எப்படி இருந்தது என்பதற்குத்தான் இந்த மடல்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மற்ற மாதங்களில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் களை மண்டும், அவ்வளவுதான். வசந்தத்தில், விதைக்கிற நேரத்தில் விட்டால் அந்த வருஷமே கையை விட்டுப் போய்விடும். நான் படுத்தபோது எல்லாமே பாதியில் நின்றிருந்தது. ஒரு குழித்தட்டில் 98 குழியிலும் தக்காளி போட்டிருந்தேன். முளைத்து நாலு நாள்தான், விதையிலை மட்டும் விரிந்திருந்தது. இன்னொரு தட்டில் கத்தரியும் மிளகாயும். மிளகாய் தலையே காட்டவில்லை. (அது எப்போதும் அப்படித்தான். தக்காளி ஒரு வாரத்தில் வந்துவிடும். மிளகாய் இரண்டு வாரம் காக்கவைத்து, விதை செத்துவிட்டது என்று நாம் முடிவுகட்டிய மறுநாள் எட்டிப் பார்க்கும்.) பீன்ஸ் கொடி பற்றிக்கொள்ளக் கம்பில்லாமல் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. பாத்தியைப் பாதி கொத்தியிருந்தேன், களைக்கொத்தி கொத்திய இடத்திலேயே கிடந்தது.

படுத்த இடத்திலிருந்து நான் செய்த ஒரே தோட்ட வேலை போனில் பேசியதுதான். "ஏதாவது செய்யணுமா?" என்று கேட்ட எல்லோருக்கும் என்னிடம் ஒரே பதில் இருந்தது: "செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திடுங்க." இப்போது எண்ணிப் பார்த்தால் ஐந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லவில்லை. மருந்து மயக்கத்தில் சொன்னேனா, பதற்றத்தில் சொன்னேனா தெரியாது. தப்பு என்மேல்தான்.

ஐந்து பேரும் வந்தீர்கள். தினமும் வந்தீர்கள். மாடி வீட்டு டீச்சர் பள்ளிக்குக் கிளம்பும் முன் பூவாளியோடு. என்கூட வேலை பார்க்கும் நண்பர் போகிற வழியில் வண்டியை நிறுத்தி ஒரு வாளி. எதிர்வீட்டுத் தாத்தா மாலையில், அதுவும் ஹோஸ் குழாயில். என் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது இருட்டில், டார்ச் வெளிச்சத்தில். அப்புறம் என் மகனின் நண்பர்கள் பள்ளி விட்டதும் கூட்டமாக, கையில் கிடைத்த பாத்திரத்தோடு. ஆளுக்கு ஒரு வேளை. கட்டைவிரல் அளவுகூட வளராத நாற்றுக்கு ஒரே நாளில் ஐந்து குளியல்!

அதற்கு என்ன ஆகும் என்று விவசாயம் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார்கள். நாற்றழுகல். மண் ஈரம் காயாமலே கிடந்தால் அதிலிருக்கும் பூஞ்சைகளுக்குக் கொண்டாட்டம். தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் பழுப்பேறி நூல்போல இளைத்துவிடும். மேலே இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று சாய்ந்துவிடும். காலையில் நின்றது மாலையில் படுத்திருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், சாய்ந்து கிடப்பதைப் பார்ப்பவர்களுக்கு அது தாகத்தில் வாடியதுபோலத்தான் தெரியும். "ஐயோ பாவம்" என்று இன்னொரு செம்பு ஊற்றுவார்கள்.

முதல் ஐந்து நாளில் முப்பதுக்கு மேல் போய்விட்டன. அதன் பிறகு ஒன்றுகூடச் சாயவில்லை. இது எப்படி நின்றது என்று எனக்குப் புரியவே இல்லை.

வீடு திரும்பிய அன்று தங்கை தோளைப் பிடித்துக்கொண்டு பக்கச் சந்துக்குப் போனேன். குழாயின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. செருப்புப் பெட்டியின் மூடியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஆணியால் ஓட்டை போட்டு, சணல் கோத்துக் கட்டியிருந்தது. நனையாமல் இருக்க இரண்டு பக்கமும் செல்லோடேப். ஒரு பக்கம் மார்க்கரில் பெரிதாக "ஊத்தியாச்சு". திருப்பினால் "ஊத்தலாம்", அதன் கீழே பொடி எழுத்தில் "தட்டைத் தூக்கிப் பார்த்துட்டு". குழித்தட்டுகள் இரண்டும் தரையில் இல்லை. அடியில் காற்றுப் போகும்படி செங்கல்மேல், நடுவில் ஒரு முழ இடைவெளி விட்டு, காலை வெயில் விழும் பக்கமாக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தன. சாய்ந்த நாற்றுகளை அந்தக் குழி மண்ணோடு சேர்த்து வழித்து எடுத்திருந்தார்கள். அழுகல் அடுத்த குழிக்குப் பரவாமல் இருக்க அதுதான் வழி. இது விஷயம் தெரிந்த கை.

யார் செய்தது என்று எல்லோரையும் கேட்டேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைச் சொன்னீர்கள். டீச்சர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தினமும் யாரோ எனக்கு முன்னாடியே வந்து ஊத்திடறாங்க. ஒருநாளாவது முந்தணும்னு அஞ்சரைக்கே எழுந்து வந்தேன், அப்பவும் அட்டை ஊத்தியாச்சுன்னுதான் சொல்லுது."

வலியில் தூக்கம் வராத ஒரு விடிகாலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்வீட்டு அண்ணன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே, தட்டை இரண்டு கையாலும் தூக்கி ஒரு கணம் நிறுத்திப் பார்த்தார். கீழே வைத்தார். தண்ணீர் ஊற்றவில்லை. அட்டையை மட்டும் "ஊத்தியாச்சு" பக்கமாகத் திருப்பிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வருஷமாக அவரோடு எனக்குத் தலையசைப்பு மட்டும்தான் பழக்கம். விடியற்காலையில் அவர் வண்டிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வீட்டில் பலமுறை முணுமுணுத்திருக்கிறேன். அவரிடம் நான் எந்த உதவியும் கேட்கவில்லை. அந்த ஐந்து பேரில் அவர் இல்லை.

மறுநாள் காத்திருந்து கேட்டேன். "தட்டு கனமா இருந்துச்சு" என்றார், அதுவே முழு விளக்கம் என்பதுபோல. நான் விடவில்லை. சின்ன வயதில் நாற்றுப் பண்ணை ஒன்றில் மூன்று வருஷம் வேலை பார்த்தாராம். அங்கே முதல் பாடமே அதுதானாம்: மேல்மண் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் நம்பாதே, தட்டைத் தூக்கிப் பார். குழியில் நிரப்பியிருக்கும் தேங்காய் நார்க்கழிவு நனைந்திருந்தால் கை சொல்லிவிடும். லேசாக இருக்கும் அன்றைக்கு மட்டும், அகலமான தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தட்டை அதில் வைத்து எடுப்பாராம். வேர் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும், தண்டு நனையாது.

"அப்போ யாருமே ஊத்தாத நாளிலும் ஊத்தியாச்சுன்னு..."

"ஆமா, பொய்தான்" என்று சிரித்தார். "நீங்க ஊத்தறது ஜாஸ்தின்னு அவங்ககிட்டப் போய் எப்படிச் சொல்றது? உங்க மேல இருக்கற பாசத்துல ஊத்தறாங்க. மனசு கஷ்டப்படுவாங்க."

இதைத்தான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அவர் ஒருவரையும் தடுக்கவில்லை, குறை சொல்லவில்லை, தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. செருப்புப் பெட்டி மூடியில் ஒரு பொய்யை எழுதித் தொங்கவிட்டு, ஐந்து பேரின் மனசையும் மிச்சமிருந்த நாற்றுகளையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார். இந்தக் குட்டை உடைக்கலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தலையசைத்தார். வழக்கமான அதே தலையசைப்பு.

உண்மையைச் சொன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோது என் கால்மாட்டிலும் இப்படி ஓர் அட்டை தொங்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். "சாப்பிட்டாச்சு", "விசாரிச்சாச்சு", "இதே மாதிரி ஆன இன்னொருத்தர் கதையைக் கேட்டாச்சு." வந்தவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் நாளைக்கு இன்னொருவரைப் பார்க்கப் போனால் இதையேதான் செய்வேன். ஆனால் வாசலில் நின்று ஒரு கணம் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போகப் பழக வேண்டும் என்று இருக்கிறேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், அதற்காகக் குறைத்து மதிப்பிடுவதாக நினைக்காதீர்கள். இரவில் என் பக்கத்தில் உட்கார்ந்து விழித்தவர்கள், பணம் கொடுத்துவிட்டுத் தொகையைச் சொல்ல மறுத்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், மகனுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், பீன்ஸுக்குக் கம்பு நட்டுக் கயிறு இழுத்துக் கட்டியவர், மீதிப் பாத்தியைக் கொத்தி மண்புழு உரம் கலந்து வைத்தவர், நான் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் வேலை செய்ய, குனிந்து நாற்று நட்டவர்கள், எல்லோருக்கும். தக்காளியை மட்டும் கீழிலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நடுங்கள், மண்ணுக்குள் போகிற தண்டெல்லாம் வேர் விடும் என்று நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. சந்தேகம் தீரவே ஒருத்தி பத்து நாள் கழித்து ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். உனக்கும் நன்றிதான் அம்மா. வேர் இருந்ததா இல்லையா?

பூசணிக்குக் கல்யாணம் செய்துவைத்த வாண்டுகள் இருவருக்கும் தனியாக ஒரு வரி எழுதவேண்டும். நான் வராத வாரத்தில் பெண் பூக்கள் வரிசையாகப் பூத்தும் பிஞ்சு நிற்காமல் மஞ்சளாகி உதிர்ந்திருக்கிறது. பூவின் அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண், வெறும் காம்பென்றால் ஆண் என்று போனில் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு, பூ மூடிக்கொள்ளும் முன்பே, ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டு மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிட்டார்கள். மூன்று பிஞ்சு நின்றுவிட்டது. அதில் ஒன்றில் குண்டூசியால் தங்கள் பெயரின் முதல் எழுத்தைக் கீறியிருக்கிறார்கள். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருக்கிறது.

தக்காளியில் பிழைத்தது 64. பாத்தியில் 22 நட்டோம், 28 கொடுத்தாயிற்று, 14 இன்னும் தட்டில் நிற்கிறது. ஒரு சாண் தாண்டிவிட்டது, இனித் தட்டில் வைத்திருந்தால் வேர் சுருண்டுகொள்ளும். வேண்டுபவர்கள் இந்த வாரத்துக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் வந்தால் நல்லது, வெயில் தாழ நட்டால் செடி சோராது. பின்வீட்டு அண்ணனுக்கு நாலு எடுத்து வைத்திருக்கிறேன், மீதி பத்து.

நான் உள்ளே படுத்திருந்தாலும் கேட் திறந்துதான் இருக்கும். வந்ததற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகலாம் என்று தோன்றினால், முதலில் குழாயைப் பாருங்கள். அட்டை அங்கேயேதான் தொங்குகிறது.