நீ கேட்ட பெயர்கள்

கர்த்தருக்குள் பிரியமான மகள் எஸ்தருக்கு, அப்பா எழுதுவது. ஸ்தோத்திரம்.

இங்கே நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். முருங்கை இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, பறித்துச் சாப்பிடத்தான் ஆளில்லை. மூன்று ஞாயிறாக நீ போன் பண்ணவில்லை. செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் நாலு வரி மட்டும் வந்தது. தாத்தா, பூட்டன், ஓட்டன் பெயர்கள், யார் எப்படி இறந்தார்கள், முன்னால் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டிலும் இதையே கேட்டிருக்கிறாய் என்று சம்பந்தி சொன்னார். எதற்கு என்று நீ எழுதவில்லை. முப்பத்தாறு வருஷம் உபதேசியாராக இருந்தவனுக்கு அது தெரியாதா? முன்னோர் பாவத்தால் பிள்ளைகள்மேல் வரும் சாபத்தை ஜெபித்து முறிக்கிறோம் என்று நடத்துகிற சாப விடுதலைக் கூட்டத்தில் கொடுக்கிற படிவம் அது. நம் பக்கத்திலும் கொடுக்கிறார்கள்.

பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அந்தப் படிவம் நிற்பது யாத்திராகமம் 20:5-ல். வசனத்தை முழுசாக வாசி. "மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்" என்பதை மேடையில் உரக்கச் சொல்வார்கள். அதே வசனத்தில் இருக்கும் "என்னைப் பகைக்கிறவர்களைக் குறித்து" என்பது வாய்க்குள்ளேயே போய்விடும். அடுத்த வசனத்தில், அன்புகூருகிறவர்களுக்கு "ஆயிரம் தலைமுறைமட்டும்" இரக்கம் என்று இருக்கிறது. நாலையும் ஆயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். அந்தக் காலத்தில் மூன்று நாலு தலைமுறை ஒரே வீட்டில் இருந்தது. பெரியவர் விக்கிரகத்தின் பின்னால் போனால் வீடே கூடப் போகும். அந்த வீட்டுக்குச் சொன்ன எச்சரிப்பு அது. இரத்தத்தில் ஒட்டி வரும் வியாதியைப் போல எதையும் அங்கே சொல்லவில்லை.

இதே வசனத்தை இப்படிப் பிடித்துக்கொண்டவர்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள். கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபோனவர்கள் ஒரு பழமொழி சொல்லித் திரிந்தார்கள்: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. கேபார் நதியண்டையிலே அவர்களோடு இருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசியிடம், இனி இந்தப் பழமொழியைச் சொல்லக் கூடாது என்று கர்த்தர் சொல்லுகிறார். எசேக்கியேல் 18-ம் அதிகாரம் முழுக்க அதுதான். 20-ம் வசனத்துக்கு என் பைபிளில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்: குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. உபாகமம் 24:16-ஐயும் பார். கலாத்தியர் 3:13-ஐ அந்தக் கூட்டத்திலேயே வாசிப்பார்கள். அதில் கடைசிச் சொல் "மீட்டுக்கொண்டார்". நடந்து முடிந்த காரியம். முடிந்த காரியத்துக்கு மறுபடி எதற்குப் படிவம்?

பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினவள் நீ. சபையே எழுந்து கைதட்டியது. நீயே கணக்குப் போடு. ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் இரண்டு, அவர்களைப் பெற்றவர்கள் நாலு, அதற்கு மேலே எட்டு, அதற்கும் மேலே பதினாறு. மொத்தம் முப்பது பேர். முப்பது பேரில் ஒரு குடிகாரர், ஒரு தற்கொலை, குறி கேட்கப் போன ஒருவர் இல்லாத குடும்பம் எது? மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-ல். அதற்கு முன்னால் நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலும் கும்பிட்டது சுடலைமாடனையும் இசக்கியையும்தான். படிவத்தை யார் நிரப்பினாலும் ஏதாவது ஒன்று அகப்படும். ஜெபித்த பிறகு பலன் கிடைத்தால் சாபம் முறிந்தது என்பார்கள். கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போகச் சொல்வார்கள். எப்படிப் போனாலும் அவர்கள் சொன்னது தப்பாவதில்லை. பெற்றவள்தான் ராத்திரி தூங்காமல் கிடப்பாள். உனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் எழுதிக் கேட்டாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஓட்டன் பனையிலிருந்து விழுந்து இறந்தார். படிவத்தில் அதற்கு "அகால மரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். பதநீர் நாளில் ஒரு பனையேறி முப்பது நாற்பது பனை ஏறுவார், காலையும் மாலையும் பாளை சீவ. கோடை மழையில் நனைந்த மரம் வழுக்கும். காலில் மாட்டுகிற தளைநார் தேய்ந்துபோனால் பிடி விடும். அவர் விழுந்தது அப்படித்தான். அதைக் கொண்டுபோய் ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் கட்டாதே.

யோவான் 9-ம் அதிகாரத்தையும் முழுசாக வாசி. அங்கே ஒரு பிறவிக் குருடன். இவன் செய்த பாவமோ, பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் அவனை வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். அவனுக்குக் கண்தான் தெரியாது, காது கேட்கும். இயேசு இரண்டும் அல்ல என்றார்.

போன மாதம் வீடியோவில் பேரன் ஜோயலை நான் ஐந்து தடவை கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. நெட்வொர்க் சரியில்லை என்று நீ சொன்னாய், நானும் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவனுக்கு இருபத்தேழு மாதம் ஆகிறது. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். முதலில் காது. பிறகுதான் மற்றது. ஆட்டிசம் இருக்குமோ என்று பார்க்க எம்-சாட் என்று இருபது கேள்வி உண்டு, பதினாறிலிருந்து முப்பது மாதம் வரைக்கும். நீ எதையாவது விரல் நீட்டிக் காட்டினால் அங்கே பார்க்கிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியெல்லாம் பிள்ளையைப் பற்றி. உன் படிவத்தில் செத்தவர்களைப் பற்றித்தான் இருக்கிறது.

எஸ்தர், டேனியல் அத்தானுக்கு ஏன் காது கேட்காது என்று நீ சின்னதில் கேட்டாய். காய்ச்சல் வந்தது என்றேன். அது முழு உண்மை அல்ல. நீ பிறந்த வருஷம் அவனுக்கு இரண்டரை வயது, பேச்சு வரவில்லை. செல்வி அத்தை என்னிடம்தான் வந்து அழுதாள். அவள் மாமியார் இசக்கி கோயிலுக்குப் போகிறதினால் வந்த வினை, நாற்பது நாள் உபவாசம் இரு என்று நான் சொன்னேன். அவள் இருந்தாள். முடிந்ததும் இன்னும் நாற்பது நாள் சொன்னேன். ஏழு வயதில் ஒரு டீச்சர் சொல்லித்தான் காது டெஸ்ட் எடுத்தார்கள். பேச்சு படிகிற வயது போன பிறகு மெஷின் வைத்தால் சத்தம் கேட்கும், அது சொல்லாகப் பிரிவது கஷ்டம். அத்தை இன்றைக்கும் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறாள். நான் இதுவரை அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்குவேன். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். ஜோயல் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடி வை. மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களே, அதைக் கட்டாயம் கேட்பார்கள். தடுப்பூசி அட்டையும் வேண்டும். காதுக்கு இரண்டு டெஸ்ட். ஓ.ஏ.ஈ. டெஸ்ட் சில நிமிஷத்தில் முடியும். பெரா டெஸ்ட் பிள்ளை தூங்கும்போதுதான் எடுப்பார்கள். அதனால் அன்றைக்கு விடியற்காலையிலேயே எழுப்பிவிடு, ஆட்டோவில் போகும்போது தூங்க விடாதே. நான் மடியில் வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டே வருகிறேன்.

அப்பா