790 அடிக் கோடு

அன்புள்ள கண்ணுக்கு,

சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் சர்வே மேப் ஒன்று கிடைத்தது. மைலுக்கு ஒரு அங்குலம் அளவு, பின்னால் துணி ஒட்டியது. மேட்டூர் அணை கட்டுவதற்கு முன்னால் அளந்தது. அதில் ஏரியே இல்லை கண்ணு. காவிரி மட்டும் வளைந்து போகிறது, ஓரமெல்லாம் மணலுக்குப் புள்ளி வைத்திருக்கிறார்கள்.

பண்ணவாடி என்று போட்டிருக்கும் இடம் நீ பரிசல் ஏறின பண்ணவாடி இல்லை. என் அப்பத்தா வாழ்க்கைப்பட்ட ஊர் அது. நாலைந்து சிவப்புக் கட்டம், ஒரு கோயில் குறி, ஆற்றுக்கு இறங்கும் ஒரு தடம். அந்தத் தடம் என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. "வெத்தல மென்னு துப்பறதுக்குள்ள ஆத்துக்குப் போயிரலாம்" என்பார் அப்பத்தா. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

1925-இல் வேலை தொடங்கி 1934-இல் அணையைத் திறந்தார்கள். 93.47 டிஎம்சி தண்ணீர் கொள்ளும், தஞ்சாவூர் வயல்களுக்கு அது உயிர், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஊரை விட்டு மேடேறியவர்களில் அப்பத்தாவும் ஒருத்தி.

இந்த மேப்பைப் படிக்க உனக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். அணை நிரம்பும் 120 அடி நீர்மட்டம் என்பது கடல் மட்டத்துக்கு மேல் 790 அடி. இதில் 50 அடி உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது, ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்த்துப் போட்டது. 800 கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே பென்சிலால் மெதுவாக இழுத்துக்கொண்டே போனேன். இன்றைய கரை அப்படியே வந்தது! ஊர் முழுக்க உள்ளே விழுந்துவிட்டது. அரை மணி நேரம் கையை எடுக்க மனசில்லை.

நீர்மட்டம் 80 அடி என்றால் 750 கோடு. அதற்கும் கீழே நன்றாக இறங்கினால் அந்தப் பழைய பண்ணவாடியின் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி வெளியே வரும். ரேடியோவில் மேட்டூர் நீர்மட்டம் சொல்லும்போது அப்பத்தா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "எத்தன அடின்னான்?" என்று கேட்பார். மழைக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.

மேப்பை மடிக்காமல் சுருட்டி அனுப்புகிறேன். பென்சில் கோட்டை அழித்துவிடாதே. அப்புறம், அடுத்த கோடையில் லீவு சொல்லி வை. தண்ணீர் இறங்கினதும் போன் பண்ணுகிறேன், அந்தத் தடத்தில் நாம் இருவரும் நடந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா