பையில் இருக்கிற உன் படம்

செட்டிபாளையம், மட்டக்களப்பு,
வியாழக்கிழமை.

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் நல்ல சுகம். நீயும் சுகமாக இருக்கக் கண்ணகை அம்மன் துணை. அப்பா கடிதம் எழுதுகிறாரே, என்னவோ ஏதோ என்று பயப்படாதே. போனில் நீ “சரி அப்பா, பிறகு எடுக்கிறேன்” என்று வைத்துவிடுகிறாய். அம்மா பக்கத்தில் நின்றால் எனக்கும் கதை வராது. அதனால்தான் எழுதுகிறேன். அக்காவின் மூத்தவன் இதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். என் கூட்டெழுத்து அவனுக்கு வாசிக்க வராது, அந்த வகையில் பயமில்லை.

அம்மன் கோயில் சடங்கு நல்லபடி முடிந்தது. கடைசி நாள், அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தி அன்று நிற்க இடமில்லை. அம்மா ஒரு நாள் விடாமல் போனாள், முழங்கால் நோவு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா வீட்டுக் கூரையில் இரண்டு தகரம் கிளம்பி நிற்கிறது. மாரிக்கு முன் அதைப் பார்க்க வேண்டும். அவசரமில்லை, சொல்லிவைக்கிறேன். கம்பனியில் வேலை எல்லாம் சரிதானே? அங்கே வெயில் இப்போது கொடுமை என்று ரேடியோவில் சொன்னார்கள். தொப்பி போடாமல் வெளியில் இறங்காதே. எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறை.

கோயில் சந்தியில் உன் பேனர் கட்டியிருந்தார்கள். உனக்குத் தெரிந்திருக்கும், படம் நீ கொடுத்ததுதானே. வெள்ளைச் சேட்டு, கும்பிட்ட கை, பின்னால் வாவியும் சூரியனும். கீழே கமிட்டிப் பெடியன்கள் நாலு பேரின் சின்னப் படம். ஒரு பக்கம் லைட் போஸ்டிலும் மறுபக்கம் தென்னையிலும் கட்டியிருந்ததால் காற்றடிக்கும்போதெல்லாம் உன் வயிறு உப்பி உப்பி அடங்கியது. ‘மண்ணின் மைந்தன்’ என்று போட்டிருந்தது. மண்ணை விட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, சரி, அதை விடு. அம்மா கோயிலால் வரும்போது நின்று, சேலைத் தலைப்பால் உன் முகத்தில் இருந்த புழுதியைத் துடைத்துவிட்டு வந்தாள். ரோட்டில் போனவர்கள் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோபோலவும் இருந்தது.

அடுத்த நாள் முடி வெட்டப் போனேன். சலூன்காரப் பெடியன் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டான். “அண்ணன்ட அப்பாவிடமா?” என்றான். நான் கண்ணாடிக்கு முன்னால் காசை வைத்துவிட்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

பிறகு உன் கணக்கில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பை வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் மூன்று. நீலப் பை, நல்ல துணி. முன் பொக்கற்றில் உன் படம். சிப் சரியாக உன் கழுத்துக்குக் குறுக்கே போகிறது. இழுத்தால் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அக்காவின் சின்னவள் அதைத் திறந்து திறந்து பூட்டிச் சிரிக்கிறாள். இப்படிப் பை ஒன்று என்ன விலை என்று டவுனில் ஒரு கடையில் கேட்டேன். சொன்ன விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. கம்பனியில் எல்லாம் சரிதானே?

பங்குனியில் ஒரு நாள் போனில் சிரித்துக்கொண்டே கேட்டாயே, “அப்பா, உங்கட எம்.ஜி.ஆர். எப்படித்தான் வென்றார்?” என்று. நானும் அரைமணித்தியாலம் கதைத்தேன். நீ ‘ம்’ கொட்டிக் கேட்டாய். இத்தனை காலத்துக்குப் பிறகு மகன் என்னிடம் ஒரு கதை கேட்கிறானே என்று அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எதற்குக் கேட்டாய் என்று இப்போது விளங்குகிறது. கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தது, தேர்தல் வருகிறது வருகிறது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. அன்று நான் உனக்குக் கதையில் பாதியைத்தான் சொன்னேன்.

அவர் பிறந்தது நாவலப்பிட்டியில், 1917இல். அதை நாங்கள் எத்தனை தரம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்போம். தகப்பன் செத்த பிறகு தாய் பிள்ளைகளோடு கும்பகோணம் போய், அங்கே வயிறு காய்ந்து, பிள்ளைகளை நாடகக் கம்பனியில் விட்டாள். முதல் படம் 1936. கதாநாயகனாக நிற்க இன்னும் பதினொரு வருஷம். 1953இல் தி.மு.க.வுக்குள் போனார். படத்தில் ஓடக்காரனாக வந்தார், ரிக்‌ஷாக்காரனாக வந்தார், மாடு மேய்த்தார். குடி கூடாது, சிகரெட் கூடாது என்று படத்துக்குப் படம் காட்டினார். தாயை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தியேட்டர் கலரியில் இருந்தவன் அதை நடிப்பு என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

1967 ஜனவரியில் நடிகர் எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. பெரியப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் சாப்பிடாமல் இருந்தது ஞாபகம் இருக்கிறது. குண்டு கழுத்தில். அடுத்த மாதம் தேர்தல், மனிசன் ஆஸ்பத்திரியில். கழுத்தில் கட்டுப் போட்ட படத்தைப் போஸ்டராக அடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள். ஒரு கூட்டத்தில் பேசாமலே பரங்கிமலையில் வென்றார், தி.மு.க.வும் முதல் தரம் ஆட்சிக்கு வந்தது. குரல் மட்டும் பழையபடி வரவில்லை. பிறகு வந்த படங்களில் அந்த உடைந்த குரலில்தான் பேசினார். நாங்கள் மதகில் இருந்து பேசிப் பார்த்ததும் அந்தக் குரலில்தான். கட்டுப் போட்ட கழுத்தே ஒரு மேடைப் பேச்சு என்று அன்று உனக்குச் சொன்னேன், நீ “சூப்பர் அப்பா” என்றாய். இப்போது உன் கழுத்தில் சிப் போகிறது.

1972ஐப் பற்றி அன்று நான் சரியாகச் சொல்லவில்லை. அண்ணாத்துரை போய் மூன்று வருஷம். கருணாநிதி முதலமைச்சர், இவர் கட்சியின் பொருளாளர். ஒக்டோபரில் மேடையில் நின்று கணக்குக் கேட்டார். மந்திரிமாரும் கட்சிக்காரரும் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார். கட்சியை விட்டு எடுத்துவிட்டார்கள். அந்த மாதம் 17ஆம் திகதியே தனிக்கட்சி. அடுத்த வருஷம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலைக்கு வெற்றி, தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. 1977இல் 130 இடத்தோடு முதலமைச்சர். பெட்டிச் சாவி பொருளாளரிடம்தானே இருக்கும், அந்த மனிசன் யாரிடம் கணக்குக் கேட்டார்? பதின்மூன்று வயதில் எனக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

சனம் கண்ணை மூடிக்கொண்டு போட்டது என்றும் நினைத்துவிடாதே. 1980 ஜனவரியில் பாராளுமன்றத் தேர்தலில் அவருக்கு இரண்டே இரண்டு இடம். அடுத்த மாதம் டில்லி ஆட்சியைக் கலைத்தது. ஜூனில் அதே சனம் திரும்பவும் அவரைக் கொண்டுவந்து இருத்தியது. 1982இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சத்துணவு. காமராசர் காலத்திலேயே இருந்ததுதான், இவர் பால்வாடிப் பிள்ளைகள் வரைக்கும் பெரிசாக்கினார். காசு எங்கே என்று கெட்டிக்காரர்கள் எல்லாம் கேட்டார்கள். பசி கிடந்து வளர்ந்தவன் அதைக் கேட்கவில்லை. இது ஒன்றுக்காக இப்போதும் நான் அவரைக் கும்பிடுவேன். அடுத்த வருஷமே சாராயத்துக்கென்று அரசாங்கக் கம்பனி. திரையில் குடி கூடாது என்று காட்டியவர் அல்லவா. 1984இல் வருத்தமாகி அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே எடுத்த வீடியோவைத் தமிழ்நாட்டில் சனத்துக்குப் போட்டுக் காட்டினார்கள். படுக்கையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் வென்றார். அவருக்காக நான் தாந்தாமலை முருகன் கோயிலுக்கு நடந்து போனது அம்மாவுக்குத் தெரியும். 83க்குப் பிறகு எங்கட இயக்கப் பெடியன்களுக்கும் காசு கொடுத்தார். யாருக்குக் கொடுத்தார், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கடிதத்தில் எழுதமாட்டேன்.

நல்ல சாப்பாடு சாப்பிடு. ரூமில் இருக்கிற மற்றப் பெடியன்களோடு சண்டை பிடிக்காதே. கடன் கிடன் வாங்கினால் ஒரு கொப்பியில் எழுதிவை. வாங்கினாய் என்று சொல்லவில்லை.

சூறாவளிக் கதை உனக்குத் தெரியும், 1978 நவம்பர் 23 இரவு. தென்னை விழுந்ததையும், பெரியம்மாவைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிப்போனதையும் சொல்லியிருக்கிறேன். நிவாரண மா கொடுத்த கதையையும் சொல்லியிருக்கிறேன், எப்போதும் பெருமையாக. எனக்குப் பத்தொன்பது வயது, எங்கள் எம்.ஜி.ஆர். மன்றத்துக்கு நான்தான் செயலாளர். வடிவான எழுத்து என்று என்னைப் பிடித்து நிவாரணப் பட்டியல் எழுதச் சொன்னார்கள். வாசிகசாலைக்குக் கூரை இல்லை, மேசை மட்டும் இருந்தது. ஒழுங்கை ஒழுங்கையாக எழுதினேன்.

மேற்கு வீட்டு மாமியின் பெயரை எழுதவில்லை. மறக்கவில்லை மகன், வேண்டுமென்றே விட்டேன். அவ புருஷன் சிவாஜி ஆள். சூறாவளிக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் கலரியில், தலைவர் வரும் நேரம் பார்த்து, “கிழவா, விக்கைப் பிடி, காத்தடிக்குது” என்று கத்தினார். தியேட்டரே சிரித்தது. அவ்வளவுதான் காரணம். மாமி அப்போது சின்னப் பொம்பிளை, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அடி நசுங்கிய அலுமினியச் சட்டியோடு வரிசையில் நின்று வந்தா. நான் விரலை வைத்துப் பட்டியலை மேலிருந்து கீழ் இரண்டு தரம் தேடினேன், தேடுவதுபோல. “பெயர் இல்லையே அக்கா, மேலே எழுதும்போது விட்டுட்டாங்கள்” என்றேன். “பரவாயில்ல தம்பி, அடுத்த முறை போடுங்க” என்று போய்விட்டா.

அடுத்த முறை மா வரப் பன்னிரண்டு நாள். அன்று நானே அவவைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் ஒரு சுண்டு கூடப் போட்டுக் கொடுத்தேன். சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா. எனக்கு வெட்கம் வரவில்லை மகன். குளிர்ந்துபோய் நின்றேன். நான்தான் எம்.ஜி.ஆர். என்று இருந்தது.

இதை உன் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. மாமிக்கு இன்றைக்கும் தெரியாது. ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் கொக்கிசும் பயற்றம் பணியாரமும் கொடுத்தனுப்புகிறா. நானும் வாங்கித் தின்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாமி படலையில் வந்து நின்றா. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. “தம்பி, நம்மட பேரனுக்குப் பை இல்லயாம். பட்டியல்ல பேர் இல்லயாம். கமிட்டிப் பிள்ளையள் அடுத்த முறை பாப்பமெண்டாங்க” என்றா. அவவின் மருமகன் போன உள்ளூராட்சித் தேர்தலில் மற்றக் கட்சிக்கு வேலை செய்தவர், உனக்குத் தெரியும். எங்கள் வீட்டு மூன்று பையும் அந்த நேரம் வாசல் கதிரையில்தான் கிடந்தது. நான் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். இந்த வயதில்.

இரவு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அக்காவின் சின்னவள் விளையாடிச் சிப்பைப் பிய்த்துவைத்த பை அது. கொண்டுபோக முன் லாம்புக்குக் கிட்ட இருந்து கழுத்தோடு சேர்த்துத் தைத்தேன். அந்தப் பொக்கற் இனித் திறக்காது.

கமிட்டிப் பெடியன்களிடம் சொல்லி, அந்தப் பட்டியலைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லு. தட்டச்சு செய்தது வேண்டாம், கையால் எழுதினது. எழுத்தைப் பார்த்தால் எந்த வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியும், அவனோடு நான் கதைத்துக்கொள்கிறேன். பேனர் இன்னும் அவிழ்க்கவில்லை. கீழ் மூலையை ஆடு தின்றுவிட்டது, கமிட்டிப் பெடியன் ஒருவனின் முகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு எடு. ஆறு மணியிலிருந்து போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பாள். கூரைத் தகரத்தைப் பற்றி நீ அவளிடம் கேட்கவேண்டாம், நான் எழுதினேன் என்று தெரிந்துவிடும்.

அன்புடன்,
அப்பா