ஆடுகிற மோட்டார்

ஸ்டுட்கார்ட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். உள்ளே மடித்து வைத்திருக்கும் காலண்டர் தாளுக்காகத்தான். அதைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஜனவரி மாசம் இங்கே ஐந்து மணிவாக்கிலேயே இருட்ட ஆரம்பித்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகளைத் திறக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க் மாதிரி சிலதுதான் திறந்திருக்கும். அன்றைக்குச் சத்தமும் போடக் கூடாது. சுவரில் ஓட்டை போட்டால் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். குடியாத்தம் பஜாரில் வளர்ந்த எனக்கு முதல் வருஷம் காது அடைத்துக்கொண்ட மாதிரியே இருந்தது.

இன்று பிள்ளைகள் இரண்டும் போரடிக்கிறது என்று ஒரே நச்சரிப்பு. வீட்டில் இருப்பதை வைத்தே படம் வரைகிற ரோபோ செய்வோம் என்று உட்கார்ந்தோம். சின்னவனின் உடைந்த பொம்மைக் கார் ஒன்று கிடந்தது. மோட்டார் இருக்கிற பொருளை இங்கே சாதாரணக் குப்பையில் போடக் கூடாது, அதற்கென்று உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கென எடுத்து வைத்திருந்த காரைப் பிரித்து மோட்டாரை எடுத்தோம். கட்டைவிரல் அளவுதான். இரண்டு பென்டார்ச் பேட்டரி, 3 வோல்ட் போதும். 415 வோல்ட் மூணு பேஸ் மோட்டாரைப் பார்த்துப் பார்த்துப் பழகிய உங்களுக்குச் சிரிப்பு வரும்.

தயிர் டப்பாவைக் கவிழ்த்து, சுற்றிலும் நான்கு ஸ்கெட்ச் பேனாக்களை முனை கீழே இருக்கும்படி டேப் போட்டு ஒட்டினோம். அதுதான் கால். டப்பா மேல் மோட்டாரைப் படுக்க வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஷாப்ட்டில் பாதி அழிரப்பரைச் செருகினோம். மூடிகளைக் கழற்றி ஒயரை பேட்டரியில் வைத்தால், அது 'ஙொய்' என்று முனகிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. சின்னவன் அழவே ஆரம்பித்துவிட்டான்.

தப்பு என்னுடையதுதான் அப்பா. அழிரப்பரின் நட்டநடுவில் அளந்து ஓட்டை போட்டிருந்தேன். உங்கள் கடையில் வளர்ந்த கை வேறு எப்படிச் செய்யும்? பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வருகிற கிணற்று மோனோபிளாக் மோட்டாருக்குக் காயில் கட்டி முடித்ததும், ஓடவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பீர்களே! கொஞ்சம் அதிர்ந்தாலும், "ஆடுது, கழட்டுடா" என்பீர்கள். பேரிங் போய்விடும், ஷாப்ட் தேய்ந்துவிடும், விவசாயி திரும்ப வந்து நிற்பான் என்று இரவு பத்து மணிக்கும் கழற்ற வைத்திருக்கிறீர்கள்.

இதற்கோ ஆட்டம்தான் உயிர். பெரியவள் காம்பஸ் முள்ளால் அழிரப்பரின் ஓரத்தில் இன்னொரு ஓட்டை குத்தி மாட்டினாள். கனம் ஒரு பக்கமாகப் போய்விட்டதால், அது சுற்றும்போதெல்லாம் டப்பாவையும் தன்னோடு இழுக்கிறது. மேலே போகும்போது கால் லேசாகிறது, பக்கவாட்டில் வரும்போது டப்பா அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் குட்டிக் குட்டி அடியாக எடுத்து வைக்கிறது. நாலு நிறத்திலும் கோடு விழ ஆரம்பித்ததும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுப் பாட்டி என்ன நினைத்தாரோ!

அப்புறம் இரண்டு மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. முழு அழிரப்பரை மாட்டினார்கள், குப்புற விழுந்தது. பேனாக்களைக் கொஞ்சம் அகட்டி ஒட்டினார்கள், நின்றது. ஒயரை மாற்றிக் கொடுத்தபோது சுற்று எதிர்ப்பக்கம் ஓடியது. இதை நான் சொல்லித் தரவில்லை, பெரியவளே கண்டுபிடித்தாள். பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரே ஒயரால் தொடக் கூடாது, சுடும் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

நீங்கள் கொடுத்தனுப்பிய நகைக்கடைக் காலண்டரில் போன வருஷத் தாளைக் கிழித்து, பின்பக்கம்தான் வரைய விட்டோம். முன்பக்கம் மார்கழி இருக்கும், திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் பச்சையாகச் சுருள் சுருளாக இருப்பது முதலில் ஓடியது. அதை ஆயாவிடம் காட்டச் சொன்னாள் பெரியவள். புள்ளி வைக்காமல் போட்ட கோலமாம்.

உங்கள் கடையைப் பற்றிச் சொன்னபோது சின்னவன் ஒன்று கேட்டான். "ஆடினால்தானே நகருது, தாத்தா மோட்டார் மட்டும் ஏன் ஆடக் கூடாது?" கிணற்று மோட்டார் நகரக் கூடாது, தண்ணீர்தான் நகர வேண்டும் என்றேன். அவனுக்கு அது போதவில்லை.

பள்ளியில் பெரிய விடுமுறை ஆடியில்தான் வரும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போகலாம் என்று அம்மா சொன்னாள், சரி என்று சொல்லுங்கள். கடையில் பழைய டேப் ரெக்கார்டர் மோட்டார் கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், இரண்டு மூன்றாவது எடுத்து வையுங்கள்.

சின்னவன் கேள்விக்கு நீங்களே அவன் பேருக்குப் பதில் எழுதுங்கள். பெரிய எழுத்தாக எழுதுங்கள் அப்பா, இப்போதுதான் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்.

அன்புடன்,
உங்கள் மகன்